எந்த பஸ் ஸ்டாண்டு, அண்ணாச்சி? – ஏஐ டூல் விளக்கம்: கேள்வி-பதில்

எங்கள் வேலைப் பட்டியலைக் கவனிக்கும் ஏஐ ஏஜென்ட்டுக்கு, அது கூப்பிட்டுப் பயன்படுத்தும் சிறு நிரல்களாக ‘கெட் டாஸ்க்’, ‘ஃபைண்ட் டாஸ்க்’, ‘லிஸ்ட் டாஸ்க்’ என்று மூன்று டூல் கொடுத்திருக்கிறோம். ஒரே ஒரு வேலையின் நிலவரம் கேட்டால்கூட மொத்தப் பட்டியலையும் இழுத்துப் போட்டுத் தேடுகிறது. ஏஜென்ட்டை ஓட்டும் ஏஐ மாடலை மாற்ற வேண்டுமா அண்ணாச்சி? (பாளையங்கோட்டை)

மாடலை விடுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் நெல்லையில் ஆட்டோவில் ஏறி ‘பஸ் ஸ்டாண்டு’ என்கிறார். ஜங்ஷனா, வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டா, பாளையா? ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது, தோன்றிய பக்கம் வண்டியை விட்டுவிடும்.

நீங்கள் அனுப்பிய மூன்று விளக்கத்திலும் ‘டாஸ்க் விவரங்களைத் தரும்’ என்றே இருக்கிறது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற ஸ்கீமா, இவ்வளவுதான் மாடலின் கண்ணில் படும். நிரலுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ‘கெட் டாஸ்க்’குக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“ஒரே ஒரு டாஸ்க்கின் முழு விவரம் தரும். டாஸ்க் எண் (எ.கா. நெல்-142) கையில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்து. தலைப்பு மட்டும் தெரிந்தால் முதலில் ஃபைண்ட் டாஸ்க்கில் எண்ணைக் கண்டுபிடி. கமென்ட்டுகள் இதில் வராது.”

அந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், ‘இந்த வேலையில் யாரும் கமென்ட் போடவில்லை’ என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லிவிடும். ‘லிஸ்ட் டாஸ்க்’கைத் தூக்கிவிடுங்கள். ஃபைண்ட் டாஸ்க்கிலேயே ப்ராஜெக்ட் வாரியாகத் தேட வழி வைத்தால் போதும்.

விதை கொள்முதல், நாற்றங்கால் வேலைகளை மென்பொருளில் பதிகிறோம். 15ஆம் தேதி கெடு என்று சொன்னால் சிலவற்றில் 14 என்று விழுகிறது. (அம்பாசமுத்திரம்)

நம் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நமக்கு 15 பிறக்கும் நள்ளிரவு 12 மணி, யூடிசியில் 14ஆம் தேதி மாலை 6.30. மென்பொருள் யூடிசியில் பதிந்தால் 14 என்றுதான் விழும். உங்கள் டூலில் அந்தப் புலத்துக்கு ‘கெடு தேதி’ என்று இரண்டே சொல் விளக்கம். வெறும் தேதியா, நேரமும் சேர்த்தா, எந்த ஊர் நேரம்? ஒன்றுமே இல்லை. அசானா என்ற வேலைப் பட்டியல் மென்பொருளில் தேதி மட்டும் என்றால் ‘டியூ ஆன்’, நேரத்தோடு என்றால் ‘டியூ அட்’ என்று தனித்தனிப் புலமே உண்டு. நீங்கள் இப்படி எழுதலாம்: “தேதி மட்டும், வருடம்-மாதம்-நாள், எ.கா. 2025-10-15. இந்திய நேரப்படி. நேரம் சேர்க்காதே.”

அப்புறம், உங்கள் ஆட்கள் ‘பிசானத்துக்கு முன்னாடி’ என்று நெல் பருவத்தை வைத்துத்தான் கெடு சொல்வார்கள். அந்தப் பருவத்துக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் என்றைக்குத் திறப்பார்கள் என்று நமக்கே தெரியாது, ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? ‘திட்டமான தேதி இல்லாவிட்டால் பயனரிடம் கேள்’ என்று ஒரு வரி சேருங்கள்.

விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாமா? (களக்காடு)

எழுதலாம், மாடலுக்குப் புரியும். ஆனால் தமிழுக்கு டோக்கன் (மாடல் எழுத்தைத் துண்டு துண்டாக எண்ணும் அலகு) கூடுதலாகச் செலவாகும், விளக்கமோ ஒவ்வொரு உரையாடலிலும் மாடலுக்குப் போகிறது. நான் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி, ஆட்கள் வாயில் வரும் தமிழ்ச் சொற்களை மட்டும் உள்ளே போடுவேன். ‘முடிஞ்சுது’, ‘ஆச்சு’ என்றால் ‘டன்’ (முடிந்தது) நிலை. ‘கிடப்புல கிடக்கு’ என்றால் ஆன் ஹோல்ட். ‘பாத்துக்கிடுதேன்’ என்று நம் ஊர்க்காரர் சொன்னால் அதை இன் ப்ராக்ரஸ் என்று போட்டுவிடாதீர்கள். அவர் இன்னும் தொடங்கவே இல்லை.

ட்ரெல்லோ என்ற வேலைப் பலகை மென்பொருளில் பழைய வேலைக் கார்டுகளை ஒதுக்கச் சொன்னேன், ஏஜென்ட் அழித்தேவிட்டது. (தென்காசி)

இந்த அடி நானும் வாங்கியவன். ட்ரெல்லோவில் ஆர்கைவ் செய்த, அதாவது ஒதுக்கிவைத்த கார்டை மீட்டுவிடலாம், டெலீட் செய்தது திரும்பாது. நான் இரண்டையும் ‘ரிமூவ் கார்டு’ என்று ஒரே டூலுக்குள் திணித்திருந்தேன். ஒரு கட்டட வேலையின் சாமான் கணக்கு முழுக்கப் போயிற்று. பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தோண்டி இரண்டு நாள் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். இப்போது ஆர்கைவ் டூல் மட்டும்தான் கொடுக்கிறேன்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐயை டூல்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில், அழிக்கும் டூல் என்று அடையாளம் காட்ட ‘டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்’ என்ற குறி பின்னால் வந்தது. பெயரே ஹின்ட், அதைப் பார்த்து மென்பொருள் உங்களிடம் அனுமதி கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ‘அழிக்காதே’ என்று விளக்கத்தில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். ஏஜென்ட்டின் கணக்குக்கு அழிக்கும் உரிமையையே கொடுக்காதீர்கள்.

ஜிரா என்ற வேலைப் பதிவு மென்பொருளில் நிலையை ‘டன்’ என்று மாற்றச் சொன்னால் திரும்பத் திரும்பப் பிழை. (வள்ளியூர்)

ஜிராவில் நிலையை நேரடியாக எழுத முடியாது. இப்போதிருக்கும் நிலையிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்ற ட்ரான்ஸிஷன் பட்டியலை எடுத்து, அதிலுள்ள ஐடியை அனுப்ப வேண்டும். இந்த இரண்டு படியையும் டூலுக்குள்ளேயே செய்துவிடுங்கள், ஏஜென்ட் நிலையின் பெயரை மட்டும் தரட்டும். முடியாதபோது வெறும் ‘400’ என்ற பிழை எண்ணை மட்டும் திருப்பினால் ஏஜென்ட் அதையேதான் மறுபடி அனுப்பும். “இங்கிருந்து டன்னுக்குப் போக முடியாது, ரிவ்யூ, ஆன் ஹோல்ட் மட்டும் முடியும்” என்று திருப்பிப் பாருங்கள்.

விளக்கம் எத்தனை வரி இருக்கலாம்? (சேரன்மகாதேவி)

பெரும்பாலும் மூன்று, நாலு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அந்த வரிகளை மட்டும் காட்டி, ‘இந்த வேலைக்கு எந்த டூலை எடுப்பே?’ என்று பத்து உதாரணம் கேளுங்கள். அவன் தலையைச் சொறிகிற இடத்தில் ஒரு வரி கூட்டுங்கள், படிக்காமலே தாண்டுகிற வரியை வெட்டுங்கள்.