லைசோசைம் என்ற புரதத்தின் தொடர்பு வரைபடத்தில் (எந்த அமினோ அமிலங்கள் நெருங்கி இருக்கின்றன என்று காட்டும் படம்) மூலைவிட்டக் கோடு மட்டும் வருகிறதா?

4.5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) வரம்பை ஆல்ஃபா கார்பனுக்கு, அதாவது அமினோ அமிலத்தின் நடுக் கார்பனுக்கு, வைத்ததுதான் சிக்கல். பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்களான பீட்டா கார்பன்களுக்கு இடையே அளந்து, வரம்பை 8 ஆக்குங்கள். கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பீட்டா கார்பன் கிடையாது. அங்கே மட்டும் ஆல்ஃபாவை எடுங்கள்.

சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு ஆல்ஃபா கார்பன்களின் இடைவெளியே சுமார் 3.8. சங்கிலி சுருளாகச் சுற்றும் ஹீலிக்ஸில் நான்கு தள்ளி இருப்பது ஆறு சொச்சம். அப்புறம் 4.5க்குள் பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர யார் வருவார்கள்? ஹைட்ரஜன் நீங்கலாக எல்லா அணுக்களையும் ஒப்பிடும்போது வைக்கிற எண் அது. ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து எண்ணை மட்டும் எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கோழிமுட்டை லைசோசைம் என்பதால் சரிபார்ப்பது சுலபம். சங்கிலியில் 6ஆம் இடத்திலும் 127ஆம் இடத்திலும் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்கள் டைசல்ஃபைடால், அதாவது இரண்டு கந்தக அணுக்களின் பிணைப்பால், இணைந்தவை. கந்தக அணுக்களின் இடைவெளி 2 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரவேண்டும். வரைபடத்தின் கடைக்கோடி மூலையில் ஒரு புள்ளி விழவேண்டும். விழவில்லையென்றால் வரம்பை விடுங்கள், கோப்பை வாசிக்கும் நிரலைப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணிக்கையை 0இல் தொடங்கியிருப்பீர்கள்.

8 என்ற வரம்பும் வேதவாக்கு இல்லை. கிண்டியில் படிப்பதாகச் சொன்னீர்கள். இதே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் தன் வரைபடத்தைப் போட்டபோது, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு இயல்பு வரம்பு, கடைசி வரம்பு என்று இரண்டு வைத்திருந்தது. நீங்களும் 7, 8, 10 மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் நிற்கிற ஜோடிகளை முதலில் நம்பலாம்.