கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு: இரண்டு இரவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி: பங்குனிக் கடைசியில், அறுவடை வேலை முடிந்ததும் குடும்பமாகக் கண்டிக்குப் போக இருக்கிறோம். வான் பேசியாகிவிட்டது. எட்டுப் பேர். அதில் இரண்டு சிறுபிள்ளைகள், கனடாவிலிருந்து வந்து நிற்கும் மச்சாள், முழங்கால் நோவுள்ள மாமி. இரண்டு இரவு தங்கலாம். தலதா மாளிகை, குளம், பேராதனைப் பூங்கா, நுவரெலியா, பின்னவல யானை எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? எங்கே தங்குவது, என்ன உடுப்பது? எங்களில் யாருக்கும் சிங்களம் தெரியாது. (கிளிநொச்சி வாசகி)

பதில்: முதலில் நுவரெலியாவை வெட்டிவிடுங்கள். பின்னவலவையும் வெட்டிவிடுங்கள். கோபிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

கண்டியிலிருந்து நுவரெலியா எழுபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம்தான். ஆனால் றம்பொடைப் பக்கத்து வளைவுகளில் வான் ஏறி முடிக்க மூன்று மணித்தியாலம் வரை பிடிக்கும். போய் வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். இடையில் பிள்ளைகள் சத்தியெடுத்தால் அதற்கும் நேரம் வேண்டும். நுவரெலியாவுக்கு இன்னொரு முறை அதற்கென்றே புறப்படுங்கள். பின்னவல கண்டிக்கு மேற்கே, கொழும்புப் பக்கமாக நாற்பது கிலோமீற்றர். வயலுக்கே வந்து நெல்லைத் தின்றுவிட்டுப் போகிற யானைகளைப் பார்த்துப் பழகிய நாம் காசு கொடுத்து யானை பார்க்கப் போவானேன்? மச்சாள் ஆசைப்பட்டால் அவரைக் கொழும்புக்கு விடப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் பார்க்கலாம், ஆறுதலாகவே பார்க்கலாம். நீங்கள் தேர்ந்த காலமும் நல்ல காலம். ஆவணியை ஒட்டி தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹெரா நடக்கும் பத்து நாட்களில் அறை கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் வாடகை எட்டாது. பங்குனியில் அந்தச் சிக்கல் இல்லை. பின்னேரத்தில் ஓர் இடிமழை வரலாம், வானில் இரண்டு குடை கிடக்கட்டும். கம்பளியுடுப்பைச் சுமக்க வேண்டாம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம்தான், நுவரெலியாவோ 1,868 மீற்றர். விடியற்காலைக்கு மாமிக்கு ஒரு மெல்லிய சால்வை போதும்.

இனிப் பாதை. கிளிநொச்சியிலிருந்து கண்டி 250 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஏ-9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. உங்களூர் 155ஆம் கட்டை, கண்டியிலிருந்து எண்ணிவந்த மைற்கல். விடிய நாலு மணிக்கே வெளிக்கிட்டுவிடுங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தச் சாரதியும் தாண்டமாட்டார். கச்சானையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டை வவுனியாவில் முடித்துவிடுவது புத்தி. அதற்கப்பால் மரக்கறிக் கடை தேடி அலைய வேண்டியிருக்கும்.

தம்புள்ளைக் குகைக் கோவிலுக்கு மலையேற்றம் உண்டு. மாமியால் ஏலாது. அதற்குப் பதிலாக, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்குப் போகும் வழியில் நாலந்தா கெடிகே என்ற சிறிய கற்கோவில் இருக்கிறது. ஏ-9இலிருந்து இடது கைப்பக்கம் ஒரு கிலோமீற்றர் உள்ளே. பௌத்த இடம்தான், ஆனால் பார்த்த உடனே பல்லவர் காலத்துக் கோவில் ஒன்று காட்டுக்குள் வந்து குந்தியிருக்கிறதோ என்று தோன்றும். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போகாமல் இருக்க அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்பக் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள், கல்லின் பொருத்துகளைத் தாங்களாகவே தேடிப் பார்ப்பார்கள்.

அடுத்தது மாத்தளை முத்துமாரியம்மன். றோட்டோரத்திலேயே 108 அடி இராஜகோபுரம். உச்சிப் பூசைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்குள் போய்ச் சேரப் பாருங்கள். இந்தக் கோவிலை நான் எல்லோருக்கும் விடாமல் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தது. காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். உயிரோடு மலையடிவாரத்தைக் கண்டவர்கள் கும்பிட்ட அம்மன் இது. அவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ குடும்பங்கள் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு அதே திசையில் திரும்பி வந்து வன்னியில் குடியேறின. கிளிநொச்சியில் உங்கள் அயலிலேயே சிலர் இருப்பார்கள். புறப்படுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தம் சொந்தக்காரர் இன்னும் இருக்கும் தோட்டத்தின் பேரைச் சொல்வார்கள், கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பார்சலும் தருவார்கள்.

மாத்தளையைச் சுற்றி வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைய. இலவசமாகச் சுற்றிக் காட்டி, காலுக்கு எண்ணெய் தடவி, கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே ஒரு சின்னப் போத்தல் எண்ணெயின் விலையைக் கேட்டால் மாமியின் நோவு கூடும். மிளகும் கறுவாவும் வேண்டுமானால் மாத்தளைப் பலசரக்குக் கடையில் வாங்குங்கள்.

தங்குமிடம் எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வான் வாசல்வரை வருமா? கீழ்த்தட்டில் அறை உண்டா? சாரதி படுக்க இடம் தருவார்களா? குளத்தைச் சுற்றிய குன்றுகளில் நல்ல காட்சியோடு மலிவான விடுதிகள் இருக்கின்றன, படமும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒழுங்கைகளின் செங்குத்து படத்தில் தெரியாது. பெரிய வான் பாதியில் நிற்கும், மிச்சத்தை மாமி நடக்க வேண்டும். அதனால் பேராதனை வீதிப் பக்கம், கட்டுக்கலையை அண்டிப் பாருங்கள். செல்வ விநாயகர் கோவிலும் அங்கேயே இருக்கிறது. சாரதிக்கு இடம் தராத விடுதியை, எவ்வளவு மலிவென்றாலும், விடுங்கள். வானுக்குள் படுத்த மனிதர் மறுநாள் மலைப் பாதையில் ஓட்டுவது எட்டு உயிருக்கும் நல்லதல்ல.

முதல் நாள் பின்னேரம் குளக்கரை மட்டும் போதும். அது நம் கண்ணுக்கு விசித்திரமான குளம். நம் பக்கம் வயலுக்காகக் குளம் கட்டுவார்கள். இங்கே கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் ஒரு வயல்வெளியைத் தண்ணீருக்குள் தாழ்த்திக் குளம் கட்டினான். ஒரு ஏக்கர்கூட இதனால் விளையவில்லை. அழகுக்காகச் சனத்தைப் பிழிந்து வேலை வாங்குகிறான் என்று பிரதானிகள் முகம் சுளித்தார்கள். கரையோரம் முகில் வடிவத்தில் வளைந்து வளைந்து போகும் மதில் பாதியில் நிற்கிறது. அது முடியுமுன் 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்துவிட்டார்கள். கண்ணுச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட அந்த நாயக்க வம்சத்து அரசன் 1832இல் வேலூர்ச் சிறையில்தான் இறந்தான். நம் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த 1803ஆம் ஆண்டில்தான் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலப் படையும் அழிந்தது. பிள்ளைகளுக்குப் பாடத்தில் தனித்தனியாக வரும் இரண்டையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

குளத்தைச் சுற்ற மூன்று கிலோமீற்றருக்கு மேல் வரும், ஒரு மணித்தியால நடை. மாமியை மாளிகைப் பக்க வாங்கில் இருத்திவிட்டு மற்றவர்கள் சுற்றலாம். பொழுதுபடும் நேரத்தில் கரை மரங்களில் நீர்க்காகங்கள் வந்து அடையும். நடைபாதையில் வெள்ளைப் புள்ளிகள் அடர்ந்த இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். தலையில் விழும்.

தலதா மாளிகைக்கு இரண்டாம் நாள் காலையில் போங்கள். விடிய ஐந்தரை, காலை ஒன்பதரை, மாலை ஆறரை என்று மூன்று பூசை. உள்ளறைக் கதவு திறப்பது அந்த நேரங்களில். மூன்றிலும் சனம் குறைவு விடியற்காலைப் பூசையில்தான், அதிலும் வார நாளில். பௌர்ணமிப் போயா தினத்தில் போகவே வேண்டாம். அங்கே வைத்திருக்கும் புத்தரின் புனிதப் பல்லை நேரே பார்க்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பேழைகளுக்குள் அது இருக்கிறது, வெளிப் பேழையைத்தான் வரிசையில் நகர்ந்தபடி பார்ப்பீர்கள். இதைப் பிள்ளைகளிடம் முதலே சொல்லிவையுங்கள். வரிசை மேல்மாடியில். படியேற முடியாவிட்டால் மாமி கீழே மேள மண்டபத்தில் நிற்கலாம். பூசை மேளம் முழங்குவது அங்கேதான், எனக்குக் கேட்டால் மேலே போவதைவிட அதுவே மேல்.

உடுப்பு: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெள்ளை நல்லது, கட்டாயமில்லை. சேலை, சுடிதார், வேட்டி, நீளக் காற்சட்டை எல்லாம் சரி. மச்சாளின் பிள்ளைகள் யாரும் அரைக் காற்சட்டையோடு வந்தால் வாசலில் நிற்க வேண்டிவரும். 1998இல் குண்டு வெடித்த இடம் என்பதால் சோதனை இறுக்கம். அடையாள அட்டையை எடுத்துப் போங்கள், பெரிய பைகளை வானில் விடுங்கள். இலங்கையருக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு டிக்கெட் உண்டு, மச்சாளிடம் முதலே சொல்லிவிட்டால் வாசலில் மனக்கசப்பு வராது. உள்ளே புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது பெரிய அவமதிப்பு. செல்பி எடுக்கும் கை தானாகத் திரும்பிவிடும், கவனம்.

மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி நம் கண்ணகிதான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கி வளர்ந்தவர்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது. கை குவித்தால் போதும், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேராதனை. மகாவலி வளைந்து மூன்று பக்கமும் ஓடும் 147 ஏக்கர் பூங்கா, 1821இலிருந்து இருக்கிறது. முழுவதையும் நடக்க நினைக்காதீர்கள். அரச பனைச் சாலை, ஒரு புல்வெளியையே கவிந்து நிற்கும் பிரமாண்ட ஆல் இன மரம், பத்துக் கிலோவுக்கு மேல் நிறை வரும் இரட்டைத் தேங்காய் காய்க்கும் மரங்கள், ஓர்க்கிட் வீடு ஆகிய நான்கும் போதும். பிள்ளைகளுக்குப் பகலிலும் மரத்தில் தொங்கிச் சண்டை பிடிக்கும் வௌவால்கள்தான் பிடிக்கும். பக்கத்தில் பல்கலைக்கழகம். உங்கள் ஊரில் அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும், கூப்பிட்டால் குறிஞ்சிக் குமரன் கோவிலுக்கு வழி காட்டும். அந்தப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள்.

பின்னேரத்துக்கு கடலாதெனிய, லங்காதிலக்க, எம்பெக்கே என்ற மூன்று பழைய கோவில்கள் பேராதனைக்கு அப்பால், கிட்டக்கிட்ட இருக்கின்றன. கடலாதெனியவை 1344இல் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி. பேரைக் கேட்டாலே தென்னிந்தியக் கை என்று தெரியும், தூண்களைப் பார்த்தால் இன்னும் தெரியும். லங்காதிலக்கவில் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் படிகள் அதிகம், மாமியோடு கடலாதெனியவும் எம்பெக்கே மரச்சிற்பத் தூண்களும் போதும். ஏறக்கூடியவர்கள் மட்டும் லங்காதிலக்க போகட்டும். கண்டிய நடனக் காட்சி, பஹிரவகந்த புத்தர் சிலை இரண்டும் நேரம் மிஞ்சினால் மட்டும்.

சிங்களம் தெரியாததற்குப் பயப்பட வேண்டாம். கண்டிக் கடைவீதியில் மலையகத் தமிழரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் நிறைய. தோசை, இட்லிக் கடைகளும் உண்டு. குளக்கரையில் தானாக வந்து தமிழிலோ ஆங்கிலத்திலோ நட்பாகப் பேசி, ‘இன்று விசேஷம், வாருங்கள்’ என்று இரத்தினக் கல் கடைக்குக் கூட்டிப் போகிறவரிடம்தான் கவனம் வேண்டும். மச்சாளின் சப்பாத்தைப் பார்த்தே அவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் அமைந்த தேயிலை அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுப் போய்விட்டு, பதினொரு மணிக்குள் ஊருக்கு வெளிக்கிடுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் கண்டிக்குள் அகப்பட்டால் ஒரு மணித்தியாலம் போய்விடும். அப்படியே பிந்திப் பிந்தி வவுனியாவைத் தாண்டும்போது இருட்டிவிட்டால், ஓமந்தைக்கு அப்பால் றோட்டில் படுத்திருக்கும் மாடுகள் வெளிச்சம் விழும்வரை தெரியாது. சாரதியோடு கதை கொடுக்க ஒருவர் முன் சீற்றில் விழித்திருக்கட்டும்.