தோழியின் அறிவுரையை வெட்டிவிடுங்கள்

உங்கள் கதையில் மாணவி தன் கர்ப்பத்தைத் தோழியிடம் சொல்லும் அத்தியாயத்தில் தோழியின் அறிவுரையை முழுவதும் வெட்டுங்கள். படிவம் 4 (அந்த ஆண்டில் 16 வயதாகும் வகுப்பு) மாணவி தான் கர்ப்பம் என்றதும் தோழி டீச்சர் மாதிரி பேசுகிறாள், கதை அங்கேயே நின்றுவிடுகிறது என்கிறீர்கள். தோழிக்கு இழக்க எதுவும் இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் களம் மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். அங்கே மருந்துக் கடைக்காரருக்கு எல்லார் அப்பாவையும் தெரியும். கர்ப்பப் பரிசோதனைக் கிட்டை வாங்கத் தோழியே போகட்டும். பள்ளிப் பேட்ஜைக் கழற்றிப் பையில் திணிக்கிறாள், தேவையில்லாத ஒரு ஷாம்பூவையும் எடுக்கிறாள், கவுண்டரில் ஷாம்பூவை மேலே வைக்கிறாள். பார்த்தவர்கள் அவளைத்தான் சந்தேகப்படுவார்கள். அது தெரிந்தும் போகிறாளே, அந்த நட்புக்கு வசனமே வேண்டாம்.

தோழியின் வசனங்களை மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். அவள் செய்தது என்று ஒன்றும் மிஞ்சவில்லையா? சரி, அப்போது திருத்தவேண்டியது அவளைத்தான், கர்ப்பமான பெண்ணை அல்ல.

அப்புறம், வயதில் கவனம். மலேசியச் சட்டப்படி 16 வயது நிரம்பாத பெண்ணுடன் உடலுறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் அது பாலியல் வன்புணர்வுதான். படிவம் 4-இல் பிறந்தநாள் வராதவளுக்கு இன்னும் 15 வயதுதான். அப்படியென்றால் அரசு கிளினிக் காட்சிக்குப் பிறகு போலீஸ் வராமல் கதை நகராது. அவள் பிறந்த மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.