எள்ளுக்குப் போகாத தேனீ

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்பில் இரண்டு இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். சம்பா அறுத்த வயலில் எள் போட்டு நன்றாகப் பூத்திருக்கிறது, பெட்டிக்கு நேர் கிழக்கே. ஆனால் தேனீக்கள் மேற்கே வாய்க்கால் கரைக்கே பறக்கின்றன. அங்கே வரிசையாகப் புங்கமரம். ராணி சரியில்லையா? எள்ளு ஓரம் சர்க்கரைப் பாகு வைத்து இழுக்கலாமா?

பதில்: ராணியை விட்டுவிடுங்கள். எங்கே மேயப் போவது என்பதில் அதற்குப் பேச்சே கிடையாது. வேலைக்காரத் தேனீக்கள்தான் முடிவு செய்கின்றன, அதுவும் கூடிப் பேசி அல்ல.

புங்கம்பூவில் தேன் கண்ட ஒரு தேனீ திரும்பி வந்து, இருட்டில் தேனடையின் மேல் எட்டு வடிவத்தில் ஆடும். நடுவில் வயிற்றை ஆட்டிக்கொண்டு ஓடும் நேர்கோடுதான் சேதி. செங்குத்துக் கோட்டிலிருந்து அது எவ்வளவு சாய்கிறதோ, சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து பூ அவ்வளவு விலகி இருக்கிறது. ஓட்டம் நீள நீளத் தொலைவும் கூடும். இதைப் படித்துச் சொன்ன கார்ல் வான் பிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆடுவதா வேண்டாமா என்பது எப்படி முடிவாகிறது? பூத்தேனின் இனிப்பும் தொலைவும் ஒரு பக்கம். கொண்டு வந்த சுமையைப் பெட்டிக்குள்ளேயே வேலை பார்க்கும் தேனீக்கள் எவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கொள்கின்றன என்பது இன்னொரு பக்கம். உடனே வாங்கினால் ஆட்டம் பல சுற்று போகும். காத்துக் கிடந்தால் ஓரிரண்டு சுற்றோடு சரி. எந்தக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை உடனே எடை போடுகிறார்களோ அங்கே டிராக்டர்கள் திரும்புகின்றனவே, அப்படித்தான். எள்ளையும் புங்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த தேனீ என்று தனியாக எதுவும் இருக்காது. கண்ணில் பட்ட ஆட்டத்தைப் பின்தொடரும், அவ்வளவுதான். சுற்று அதிகம் உள்ள பக்கம் ஆள் சேர்கிறது.

நீங்களே சோதிக்கலாம். காலை எட்டு மணிக்கு, சூரியன் கிழக்கில் இருக்கும்போது, பெட்டி வாசலுக்கு அருகே உள்ள அடைச் சட்டத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடையில் மேல்பக்கம் என்றால் சூரியன் இருக்கும் பக்கம். நேர்கோட்டு ஓட்டம் மேல்நோக்கி இருந்தால் எள்ளு, கீழ்நோக்கி இருந்தால் வாய்க்கால்.

பாகு வேண்டாம். திறந்த வெளியில் வைத்தால் எறும்பு வரும், பக்கத்துப் பெட்டித் தேனீ வரும், கொள்ளையடிப்பு தொடங்கும். பூவை விட்டுவிட்டுப் பாகுத் தட்டுக்கே ஆட்டம் போடும். பெட்டியைத் திடீரென்று வயலோரம் தள்ளி வைக்கவும் வேண்டாம். மேயப்போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து தவிக்கும்.

செய்ய வேண்டியது மருந்து விஷயத்தில்தான் இருக்கிறது. எள்ளுப்பூ விடியலில் விரிந்து மாலைக்குள் உதிர்ந்துவிடும். எனவே காலையில் எதையும் தெளிக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் பொழுது சாய்ந்த பின் தெளியுங்கள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து சாகடிக்காத அளவில் உள்ளே போனால்கூட, அந்தத் தேனீ குறைவாகவே ஆடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

மகசூல் பயம் வேண்டாம். எள் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். தேனீ வந்தால் கூடுதல் லாபம். எல்லாத் தேனீக்களும் புங்கத்துக்கே போய்விடுவதில்லை, சில எப்போதும் புது இடம் தேடிக்கொண்டேதான் இருக்கும். புங்கம்பூ கொட்டித் தீர்ந்ததும் ஆட்டத்தின் திசை தானாக மாறும். அதுவரை தேன் அறையில் காலிச் சட்டம் போதுமான அளவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.