மணற்குன்றின் அடிவாரம்

அன்புள்ள ஐயா,

நானும் என் கணவரும் சென்ற மாதம் நமீபியா சென்றிருந்தோம். ஸ்வாகோப்முண்ட் நகரை ஒட்டிய மணற்குன்றுகளுக்கு வழிகாட்டியுடன் செல்லும் அரைநாள் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். பாலைவனம் எனக்கு நெடுநாள் கனவு. முடிவில்லாத மணல், ஆழ்ந்த அமைதி, மனம் முற்றிலும் காலியாகிவிடும் ஓர் அனுபவம் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். ஆனால் எங்கள் வழிகாட்டி பத்தடிக்கு ஒருமுறை நின்று, மணலைக் கிளறி, எதையாவது காட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய பேச்சு ஓயவே இல்லை. நேரத்தின் பெரும்பகுதி குன்றுகளின் அடியிலேயே கழிந்தது. அடுத்த குன்றுக்கு அப்பால் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன், முகத்திலடித்ததுபோல் மறுத்துவிட்டார். ஒரு வண்டு, ஒரு பல்லி, ஒரு பாம்பின் கண்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இப்படிப்பட்ட குறுகிய சுற்றுலாக்களால் ஒரு நிலத்தை அறிய முடியுமா? பாலைவனத்தைத் தனியாகச் சென்றுதானே உணர வேண்டும்? அடுத்த ஆண்டு மீண்டும் செல்ல நினைக்கிறோம். அதற்குள் எதையெல்லாம் படிக்கலாம், எந்தக் கேமரா ஏற்றது என்றும் சொல்ல முடியுமா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த வேளையில் நான் பாலைநிலங்களைப் பற்றிய பழைய பயணக்குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் மணலைக் கண்டதும் தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மணல் நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர்களுடைய தனிமை, அவர்களுடைய கடவுள், அவர்களுடைய பிரிவுத்துயர் என்று பக்கங்கள் நீள்கின்றன. இந்தப் பழக்கத்தின் மீது எனக்கிருந்த சலிப்பு முற்றியிருந்த நாளில் நீங்களும் எழுதினீர்கள். ஆகவே இந்தப் பதிலில் சற்றுக் கடுமை இருக்கும். உங்கள் மீதுள்ள மதிப்பினால்தான் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாம்பு. 'ஒரு பாம்பின் கண்கள்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த மணலில் அப்படிப் புதைந்து கிடப்பது பெரிங்வே விரியன். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம்தான் இருக்கும். அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் இல்லாமல் உச்சியில் அமைந்திருப்பதால், உடல் முழுவதையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டு கண்களை மட்டும் வெளியே வைத்து அதனால் காத்திருக்க முடிகிறது. சில வேளைகளில் வாலின் நுனியை வெளியே நீட்டிப் புழு நெளிவதுபோல் அசைத்துப் பல்லிகளை அருகே வரவைக்கும். மணலின் நிறத்திலேயே இருக்கும் அந்த இரண்டு சிறு புள்ளிகளை ஒரு மனிதர் நடந்துகொண்டே கண்டுபிடித்து, உங்கள் கால் அதன்மேல் பட்டுவிடாத தொலைவில் உங்களை நிறுத்தி, அதைக் கலைக்காமல் உங்களுக்குக் காட்டியிருக்கிறார். அந்தப் பார்வை ஒரு வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுப் பெறப்பட்டது. அதை ஓயாத பேச்சு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நேரத்தின் பெரும்பகுதி குன்றுகளின் அடியிலேயே கழிந்தது என்பது உங்கள் குறைகளில் ஒன்று. நான் விரிவாகப் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் நமீப் பாலைவனத்தில் அடிவாரத்தைப் பார்க்காதவர் குன்றையும் பார்க்காதவரே. காற்று வரும் பக்கத்தில் மணற்குன்று மெல்லச் சாய்ந்து ஏறுகிறது. மறுபக்கத்தில் செங்குத்தாக இறங்குகிறது. மணற்பரல்கள் தூசியைப்போல் வானில் மிதந்து செல்வதில்லை. எழுந்து, சிறிது தூரம் தாவி, விழுந்து, விழுந்த இடத்திலுள்ள பரல்களைத் தெறிக்கவைத்து, அவற்றையும் தாவவைக்கின்றன. லிபியப் பாலைவனத்தில் நெடுந்தொலைவு பயணம் செய்த ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், பின்னர் தாமே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து இந்தத் தாவலை அளந்து, 1941இல் நூலாக வெளியிட்டார். கெட்டித் தரையில் மோதும் பரல் உயரத் துள்ளி வேகமாக முன்னேறுகிறது. மணல்மேல் விழும் பரலோ வேகத்தை இழந்து தங்கிவிடுகிறது. ஆகவே ஏற்கெனவே மணல் கிடக்கும் இடத்தில்தான் மேலும் மணல் சேர்கிறது. முகட்டைத் தாண்டியதும் காற்று தளர்ந்துவிடுவதால், அதுவரை வந்த மணல் அங்கேயே கொட்டப்பட்டு, சாய்வு ஏறத்தாழ 33 பாகையை மீறும்போதெல்லாம் சரிந்து இறங்குகிறது. நீங்கள் பார்த்த செங்குத்தான பக்கம் இப்படி ஆயிரம் ஆயிரம் சரிவுகளால் ஆனது.

இப்போது அந்தக் காற்று வேறு என்ன கொண்டுவருகிறது என்று பாருங்கள். எப்போதோ ஒரு மழைக்கு எங்கோ முளைத்துக் காய்ந்த புல்லின் துணுக்குகள், விதைகள், இறந்த பூச்சிகளின் ஓடுகள் எல்லாம் மணலோடு சேர்ந்து முகட்டைக் கடந்து, அந்தச் சரிவின் அடியில் ஒதுங்குகின்றன. செடி கொடி எதுவும் வேர்பிடிக்காத ஒரு குன்றில் உயிர்கள் வாழ முடிவது இந்தச் சருகினால்தான். வண்டுகளும் வெள்ளிமீன் எனப்படும் சிறகற்ற பூச்சிகளும் இதைத் தின்கின்றன. அவற்றைச் சிலந்தியும் பல்லியும் தின்கின்றன. பல்லியை அந்த விரியன் தின்கிறது. இரவானதும், கண்கள் தோலால் மூடப்பட்டுவிட்ட பொன்மோல் என்ற கைக்கடக்கமான விலங்கு, மணலில் பரவும் சிறு அதிர்வுகளைக் கேட்டபடி இரைதேடிப் புறப்படுகிறது. இத்தனை உயிர்களுக்கும் சோறு அந்த அடிவாரத்தில் கிடக்கும் ஒரு பிடிச் சருகு. உங்கள் வழிகாட்டி உங்களை அங்கே நிறுத்தி வைத்ததற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்தீர்களா?

தண்ணீரின் கதையையும் அவர் சொல்லியிருப்பார், நீங்கள் அமைதியை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழாமல் போயிருக்கலாம். அந்தக் கரையோரம் ஓடும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்தது. அது மழையைத் தடுக்கிறது; ஆனால் மூடுபனியைத் தருகிறது. பனி வரும் இரவுகளில் ஓனிமாக்ரிஸ் இனத்து வண்டு ஒன்று குன்றின் முகட்டுக்கு ஏறி, காற்றுக்கு எதிராகத் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். உடலில் படியும் பனித்துளிகள் உருண்டு அதன் வாய்க்கு வந்துசேரும். வில்லியம் ஹாமில்ட்டனும், கோபாபெப் ஆய்வுநிலையத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய மேரி சீலியும் 1976இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். லெப்பிடோகோரா என்ற வேறொரு வண்டினம் பனிக்காற்றுக்குக் குறுக்கே மணலில் சிறு வரப்பு எடுத்து, அதில் படியும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 'ஒரு வண்டு' என்று எழுதினீர்களே, அது இவற்றில் எது? பெயரைக் கேட்டீர்களா?

நானும் சில ஆண்டுகளுக்கு முன் அதே குன்றுகளில் நடந்திருக்கிறேன். என்னை அழைத்துச் சென்றவர் வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு சரிவின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, இரவில் அங்கே நடந்தவற்றை விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இது வண்டு, மேலே ஏறியிருக்கிறது. இது அதே வண்டு, இறங்கியிருக்கிறது, பனி இருந்திருக்கும். இது பல்லி, இங்கே நின்றிருக்கிறது, எதையோ கேட்டிருக்கிறது. தடம் ஓரிடத்தில் முடிந்தது. அங்கே கையால் மெல்லத் தோண்டினார். ஒரு முழ ஆழத்தில், கண்ணாடிபோல் உள்ளுறுப்புகள் தெரியும் மெல்லிய தோலும், வாத்தின் காலைப்போல் சவ்வு இணைத்த விரல்களும் கொண்ட பால்மாட்டோ பல்லி இருந்தது. அதற்கு இமைகள் இல்லை. நாவால் தன் கண்களையே நக்கிக்கொண்டது. சிறிது நேரம் தம் உடலின் நிழலில் அதை வைத்துக் காட்டிவிட்டு, வெயில் படுவதற்குள் ஈரமணலுக்குள் விட்டு மூடினார். அந்தப் பல்லியை மூடும்போது அவர் கைகளில் இருந்த கவனத்தை ஒரு மருத்துவச்சியிடம்தான் பார்க்க முடியும். அதன்பின் என்னிடம் ஒரு காந்தத்தைக் கொடுத்து மணலில் இழுக்கச் சொன்னார். கரிய இரும்புத்தாதுத் துகள்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. குன்றின்மேல் நிழல்போல் தெரிந்த கறுப்புக் கோடுகள் என்ன என்று அப்போதுதான் விளங்கியது. அந்த மணலின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு மலைகளிலிருந்து ஆரஞ்சு ஆற்றின் வழியாகக் கடலுக்கு வந்து, கரையோர நீரோட்டத்தால் வடக்கே தள்ளப்பட்டு, காற்றால் நிலத்திற்குள் ஏற்றப்பட்டது. தெற்கே விரியும் பெரிய மணற்பரப்பில் அது 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக அலைந்துகொண்டிருக்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வு கணித்தது. இப்படிப்பட்ட ஒன்றின் முன் நின்றுகொண்டு, என் மனம் காலியாகவில்லையே என்று நீங்கள் குறைப்பட்டிருக்கிறீர்கள்.

தனியாக அனுப்ப மறுத்ததைப் பற்றி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் கடுமையாக மறுத்திருப்பேன். யான் சோமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியின் ஒரு காட்டிலும் துனிசியாவின் சகாராப் பகுதியிலும் மனிதர்களை நேராக நடக்கச் சொல்லிப் பதிவுசெய்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தவர்கள், அவை மறைந்ததும் நேராகவே செல்வதாக நம்பிக்கொண்டு வளைந்து திரும்பினார்கள். சகாராவில் நிலவொளியில் நடந்த ஒருவர், நிலவை மேகம் மூடியபின் தாம் புறப்பட்ட திசைக்கே திரும்பிவிட்டார். நீங்கள் சென்ற கடற்கரையில் எந்நேரமும் பனி இறங்கிச் சூரியனை மறைக்கலாம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே இறங்கிவிட்டால் வந்த வாகனமும் தெரியாது, கூப்பிடும் குரலும் எட்டாது. காற்று எழுந்தால் உங்கள் காலடித்தடமும் இருக்காது. இவை எல்லாம் அவருக்குத் தெரியும். அதோடு, நீங்கள் எதன்மேல் உட்காரப்போகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். விரியன் தெரியும்வரை அது அங்கே இல்லை என்றுதானே நீங்களும் நடந்தீர்கள்?

ஆனால் உங்கள் கடிதத்தின் அடியில் வேறொன்று இருப்பதையும் உணர்கிறேன். மனம் முற்றிலும் காலியாக வேண்டும் என்று சும்மா யாரும் ஆசைப்படுவதில்லை. எதையோ சுமந்துகொண்டு சென்றிருக்கிறீர்கள், அதை இறக்கிவைக்க ஓர் இடம் தேடியிருக்கிறீர்கள். அது என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கும் அப்படிப்பட்ட காலங்கள் இருந்திருக்கின்றன. அப்போது என்னைத் தேற்றியவை எல்லாம் என்னைப் பற்றி எதுவுமே அறியாத, என்னைத் துளியும் பொருட்படுத்தாத உயிர்களின் அன்றாட வேலைகள்தான். பனிக்காகத் தலையைத் தாழ்த்தி நிற்கும் வண்டை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் தன்னைத் தானே சிறிது நேரம் மறந்துவிடும். நீங்கள் வேண்டியதும் ஏறத்தாழ அதுவே. வழிகாட்டி அதை உங்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் அவர் தோளுக்கு மேலாக அடுத்த குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

குறுகிய சுற்றுலா போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நடந்து செல்வதானால் போதும். மணல்மேல் வண்டியோட்டிச் சாகசம் காட்டும் பயணங்களுக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். குன்றின்மேல் பதியும் சக்கரத்தடம் அடுத்த காற்றில் மறைந்துவிடும் என்று அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் சக்கரத்தின் கீழ் அகப்பட்ட உயிர்கள் மீள்வதில்லை. குன்றுகளை ஒட்டியுள்ள சரளைச் சமவெளிகளில் பதியும் தடங்களோ பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். அங்கே மெல்லப் படர்ந்து வளரும் கற்பாசிகள் ஒருமுறை நசுங்கினால் உங்கள் ஆயுளில் பழைய நிலைக்குத் திரும்பாது.

கேமரா பற்றி என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. படிப்பதற்கும் அவசரம் இல்லை. முதலில் பார்த்துவிட்டு வந்தால் எதைப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு செல்வதானால் அதே வழிகாட்டியையே தேடிப் பிடியுங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும்போது இரவின் தடங்கள் அழிந்துவிடும் என்பதால் விடியற்காலைப் பயணமாகக் கேளுங்கள். மூடுபனி இறங்கிய காலையாக அமைந்தால் வண்டுகளைப் பார்க்க முகட்டுக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு ஏறுவார். சற்றுத் தனியாக உட்கார வேண்டும் என்று தோன்றினால், அவர் பார்வை படும் தூரத்தில், அவர் காட்டும் இடத்தில் உட்காருங்கள். திரும்பி வந்ததும் எந்தத் தடம் எந்த உயிருடையது என்று பெயரோடு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.