ரோமர் கால நிலநடுக்கங்கள்: கேள்வி பதில்

கேள்வி: கி.பி. 17 நிலநடுக்கத்துக்கு ரோமப் பேரரசர் டைபீரியஸ் எவ்வளவு கொடுத்தார்?

ஒரே இரவில் ஆசியா மாகாணத்தில், அதாவது இன்றைய மேற்குத் துருக்கியில், 12 நகரங்கள் இடிந்தன. அதிகம் அடிபட்டது சார்டிஸ் நகரம். அதற்கு 1 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாக வாக்கு, ஐந்தாண்டு வரித் தள்ளுபடி. சேதத்தைப் பார்க்க மார்க்கஸ் அட்டெயஸ் என்பவரை அனுப்பினார்கள். மாகாண ஆளுநர் கான்சல் என்ற உயர்ந்த பதவி வகித்தவர். அவருக்குச் சமமான ஒருவர் போனால் போட்டி வரும் என்று அதற்கு ஒரு படி கீழே, பிரீட்டர் பதவியில் இருந்தவரைத் தேர்ந்தெடுத்தார்களாம். இடிபாட்டுக்கு நடுவிலும் அந்தக் கவலை! 'ஆசிய நகரங்கள் மீட்கப்பட்டன' என்று நாணயமும் வந்தது. அது அரசு விளம்பரம். செலவு செய்தது யார் என்று அறிய உள்ளூர்க் கல்வெட்டைப் பாருங்கள்.

கேள்வி: ரிக்டர் அளவு எவ்வளவு?

கருவியே இல்லாத காலம். அடுத்தது.

கேள்வி: இத்தாலியின் பொம்பெயி நகரை அழித்ததும் நிலநடுக்கம்தானே?

79இல் அழித்தது எரிமலை. நிலநடுக்கம் அதற்குச் சுமார் 17 ஆண்டுகள் முன்பு. அதில் இடிந்த, எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயிலைத் தன் செலவில் கட்டியதாகக் கல்வெட்டில் உள்ள பெயர் பொப்பிடியஸ் செல்சினஸ். வயது 6! அதற்காக நகர சபையிலும் சேர்த்துக்கொண்டார்கள். பணம் அப்பாவுடையது. அவர் விடுதலை பெற்ற அடிமை என்று கருதப்படுகிறது. அப்படிப்பட்டவர் சபையில் உட்கார முடியாது, மகன் உட்காரலாம்.

கேள்வி: கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்த லவோதிக்கேயா, அதுவும் ஆசியா மாகாண நகரம், பேரரசர் நீரோவின் பணத்தை மறுத்ததாமே?

ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியது, ரோமின் உதவியின்றிச் சொந்த வளத்தால் மீண்டது என்பது மட்டுமே. மறுத்ததாக அவர் எழுதவில்லை.

கேள்வி: கொடுக்க முன்வராமலா அப்படிக் குறிப்பிடுவார்?

ரோம் முன்வந்திருக்கலாம், ஊர் கேட்காமலே இருந்திருக்கலாம். 'இல்லாமல்' வேறு, 'வேண்டாம்' வேறு. அது கம்பளி வணிகத்தில் கொழித்த ஊர். 79இல் நிக்கோஸ்டிராட்டஸ் என்ற செல்வந்தர் அங்கே விளையாட்டரங்கமே கட்டிக் கொடுத்தார்.

கேள்வி: ரோமை அவமதிக்கத்தான் மறுத்தார்கள் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன்.

பிரசங்கத்தில் கேட்டது பிரசங்கத்தோடு இருக்கட்டும். உள்ளூர்க் கல்வெட்டு, கல்வெட்டு!

கேள்வி: லவோதிக்கேயா உதவியை மறுத்தது ஏன்?

மேலே படியுங்கள்.

கேள்வி: இடிந்த ஊரை விட்டு மக்கள் போகவில்லையா?

ஊருக்குள்ளிருந்து போனார்கள், நிலத்தை விட்டுப் போகவில்லை. அதே மாகாணத்துப் பிலதெல்பியாவில் சுவர்கள் தினமும் விரிசல் விடும் என்கிறார் அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ. பெரும்பாலோர் வெளியே வயல்களில்தான் வாழ்ந்தார்களாம். மண் வளமானது, விட மனம் வருமா? ஊருக்குள்ளேயே இருந்த சிலர், ஆட்டத்தைத் தாங்கும்படி கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.