பூமி விண்வெளியில் எவ்வளவு வேகமாக நகர்கிறது? அது நமக்கு ஏன் தெரிவதில்லை?

சூரியனைப் பொறுத்துக் கேட்டால் நொடிக்கு 29.8 கி.மீ. பரீட்சைக்கு இது போதும். ஆனால் கேள்வியில் ‘விண்வெளியில்’ என்று இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். விண்வெளியில் மைல்கல் நட்டு வைக்கவில்லை. எதைப் பொறுத்து என்று சொல்லாமல் வேகத்துக்கு எண் சொல்ல முடியாது. இணையத்தில் நாலைந்து எண்கள் உலவுவதற்கு இதுதான் காரணம். பெரும்பாலும் எல்லாமே சரியான எண்கள்தான், அவற்றை ஒன்றாகக் கூட்டும்போதுதான் கணக்கு கெட்டுப்போகிறது.

முதலில் தற்சுழற்சி. நிலநடுக்கோட்டின் சுற்றளவு 40,075 கி.மீ. இதை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 1,670 கி.மீ. வரும், ஆனால் அது சற்றே பிசகு. 24 மணி என்பது சூரியன் மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம். பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடிதான் ஆகிறது. அதால் வகுத்தால் 1,674. உங்கள் ஊருக்கு வேண்டுமானால் அட்சரேகையின் கொசைனால் பெருக்குங்கள்: 60 பாகையில் சரிபாதி, துருவத்தில் சுழியம்.

சூரியனைச் சுற்றும் கணக்கும் எளிதுதான். சராசரித் தூரம் 14.96 கோடி கி.மீ., ஆகவே பாதையின் நீளம் சுமார் 94 கோடி கி.மீ. ஓராண்டின் நொடிகளால் வகுத்தால் 29.8, அதாவது மணிக்கு சுமார் 1,07,200 கி.மீ. இந்த வேகத்தில் பூமி தன் விட்டத்தின் அளவு தூரத்தைக் கடக்க 7 நிமிடம் கூட முழுதாகப் பிடிக்காது என்று நினைப்பீர்கள். பிடிக்கும், 7 நிமிடம் 8 நொடி. பூமி அவ்வளவு பெரியது.

இது சராசரி. பாதை லேசான நீள்வட்டம் என்பதால், சூரியனுக்கு அருகே வரும் ஜனவரி தொடக்கத்தில் 30.3, தொலைவில் போகும் ஜூலை தொடக்கத்தில் 29.3. வித்தியாசம் நொடிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் காலண்டரிலேயே அது தெரியும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20-லிருந்து செப்டம்பர் 22 வரை நாட்களை எண்ணுங்கள்: 186. அங்கிருந்து அடுத்த மார்ச் 20 வரை 179. பாதி வட்டத்தைப் பூமி ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுகிறது.

இந்த 29.8-ஐ நட்சத்திரத்தைப் பார்த்தே அளந்துவிடலாம். 1725 டிசம்பரில் ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி, டிராகோ மண்டலத்தின் காமா விண்மீனைக் கவனிக்கத் தொடங்கினார். பூமி இடம் மாறுவதால் அருகிலுள்ள விண்மீனும் இடம் மாறியதாகத் தெரிய வேண்டும். அவர் தேடியது அந்த இடமாற்றத்தை. விண்மீன் நகரத்தான் செய்தது, ஆனால் எதிர்பார்த்ததற்கு மூன்று மாதம் தள்ளி! டிசம்பரில் தெற்கு எல்லையில் இருக்க வேண்டியது மார்ச்சில்தான் அங்கே போய் நின்றது. மொத்த ஆட்டம் 40 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு). 100 மீட்டர் தள்ளி வைத்த 2 செ.மீ. நாணயத்தின் அகலம்தான். 1728-இல் காரணம் பிடிபட்டது. அந்த மூன்று மாதம்தான் துப்பு. பூமி நிற்கும் இடத்தைப் பொறுத்து அல்ல, அது ஓடும் திசையைப் பொறுத்தே விண்மீன் சாய்ந்து தெரிந்தது. ஓடுகிறவன் மழைக்குக் குடையை முன்பக்கம் சாய்ப்பது போல. சாய்வு 20.5 விகலை. ஒளியின் வேகமான 2,99,792-ஐ அந்தக் கோணத்தின் டேஞ்சன்டால் பெருக்கிப் பாருங்கள், 29.8 வந்து நிற்கும். பூமி ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று இதுதான்.

சரி, நமக்கு ஏன் தெரிவதில்லை? ‘வேகம் சீராக இருப்பதால்’ என்பது வழக்கமான பதில், ஆனால் அரைகுறை. பூமியின் திசை ஓயாமல் மாறுகிறதே, அதுவும் முடுக்கம்தானே. சூரியனை நோக்கிய அந்த முடுக்கம் 0.006 மீ/நொ², மிகச் சிறியது. அதைவிட முக்கியம், பூமியும் நாமும் சேர்ந்தே சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறோம். ஒன்றாக விழும்போது எந்தக் கருவியும் அந்த முடுக்கத்தைக் காட்டாது. மிஞ்சுவது ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், மட்டுமே. தற்சுழற்சி அப்படியல்ல, அது நிஜமாகவே எடையில் தெரியும். துருவத்தில் சுருள்வில் தராசு 60 கிலோ காட்டும் ஆளுக்கு நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 300 கிராம் குறையும். அதில் 200 கிராம் சுழற்சியின் கணக்கு, மீதி அங்கே பூமி புடைத்திருப்பதால். தட்டுத் தராசில் இந்தச் சோதனை பலிக்காது. எடைக்கல்லும் அதே அளவு இளைத்துவிடும்.

அடுத்தது பால்வெளி. சூரியன் அதன் மையத்தைச் சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

இனி, எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோலுக்கு வருவோம். பெருவெடிப்பின் மிச்ச ஒளியாக வானம் முழுக்க நிறைந்திருக்கும் அண்ட நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை 2.725 கெல்வின். சிம்ம மண்டலத்தின் பக்கம் அது 3.36 மில்லிகெல்வின் கூடுதல், எதிர்ப்பக்கம் அதே அளவு குறைவு. நாம் அந்தத் திசையில் போவதால் வரும் டாப்ளர் விளைவு இது: எதிர்கொண்டு போகும் பக்கத்து அலைகள் நெருக்கமாகவும், விலகிப் போகும் பக்கத்தவை நீண்டும் தெரியும். அதிலிருந்து சூரியனின் வேகம் நொடிக்கு 370 கி.மீ. என்று கிடைக்கிறது.

30-ஐயும் 230-ஐயும் 370-ஐயும் கூட்டி ‘மொத்தம் 630’ என்று எழுதுகிறவர்கள் தடுக்குவது இங்கேதான். 370 என்பதே கடைசித் தொகை. 230 ஏற்கெனவே அதற்குள் அடக்கம். போதாக்குறைக்கு இவை திசையுள்ள அளவுகள். பால்வெளி நுண்ணலைப் பின்னணியைப் பொறுத்து நொடிக்குச் சுமார் 550 கி.மீ. வேகத்தில் போகிறது. அதற்குள் சூரியன் இப்போது சுற்றும் திசை பெரும்பாலும் அதற்கு எதிர்த்திசை என்பதால்தான் நமக்கு 370 மட்டும் மிஞ்சுகிறது. பூமிக்கு அந்த 370-உம் நிலையானதல்ல. டிசம்பர் நடுவில் நம் சுற்றுப்பாதை வேகம் அதே திசையில் சேர்ந்து 400-ஐ நெருங்கும், ஜூனில் எதிராகப் போய் 340 அளவுக்கு இறங்கும்.